யாழ்ப்பாணத்தில் வீடு வாங்கப் போகிறவர்கள் கவனம்: உறுதியையும் கிணற்றையும் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்

வலிகாமத்தில் அண்மையில் கைமாறிய ஒரு வீட்டில் நடந்ததை எழுதுகிறோம், மற்றவர்களாவது தப்பட்டும். உறுதியில் (காணியின் உரிமைப் பத்திரத்தில்) 4 பரப்பு. வாங்கியபின் மதில் கட்ட அளந்தபோது 3 பரப்பு 13 குழி. ஒரு பரப்புக்கு 18 குழி, ஒரு குழி 151.25 சதுர அடி. காசு கொடுத்த காணியில் 750 சதுர அடிக்கு மேல் குறைகிறது. கிணறு பக்கத்து வளவுக்குள் நிற்கிறது. பின்னறையில் இருந்த விற்றவரின் தாயார் "மகளிட்டைப் போயிடுவா" என்று தரகர் சொல்லியிருந்தார். அந்த அம்மாவுக்கு அதே வீட்டில் சீவிய உரித்து, அதாவது உயிரோடு இருக்கும்வரை அங்கே இருக்கும் உரிமை, இருக்கிறது. அவரை எழும்பச் சொல்ல வாங்கியவருக்கு எந்த உரிமையும் இல்லை. இந்த மூன்றும் பழைய உறுதியிலும் காணிப் பதிவகத்திலும் நிலத்திலும் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

காணி ஏன் குறைகிறது? பாட்டன் காலத்து உறுதியில் உள்ள அளவையே ஒவ்வொரு உறுதியிலும் பார்த்து எழுதிக்கொண்டு வருகிறார்கள். இடையில் ஒழுங்கை அகலும். கதியால் வேலி ஒவ்வொரு முறை அடைக்கும்போதும் ஒரு சாண் நகரும். ஆகவே முற்பணத்துக்கு முன்னர் அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு புதுப்படம் கீறுவியுங்கள், எல்லைக்காரரையும் கூப்பிட்டு வைத்து. 'பரப்பு' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். வரகு விதைப்புக் கணக்கில் அது 10 பேர்ச்சஸ், நெல் விதைப்புக் கணக்கில் 15. உறுதியில் எது எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள்.

கிணறு வளவுக்குள் இல்லையென்றால் உறுதியின் கடைசி வரிகளைப் பாருங்கள். கிணற்றில் பங்கு, அதற்குப் போய்வரும் வழி, வாய்க்கால் என மூன்றும் தனித்தனியே எழுதப்பட்டிருக்க வேண்டும். "இவ்வளவு காலமும் அள்ளினம்தானே" என்ற பேச்சு அடுத்த தலைமுறையில் நிற்காது.

கையெழுத்து வைக்கிறவர் யார் என்பது அடுத்தது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சீதன வீட்டை விற்பதானாலும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் அப்படித்தான் இருக்கிறது. தேடியதேட்டம் (மணம் முடித்தபின் சேர்த்த சொத்து) என்றால் இருவரையும் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். பிரிபடாத பங்கை வாங்குவதானால், மற்றப் பங்காளிகளுக்கும் விற்பவரின் உரித்தாளிகளுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவிக்காமல் எழுதிய உறுதி வழக்கில்தான் போய் முடியும். கனடாவிலோ லண்டனிலோ இருப்பவருக்காக அற்றோணித் தத்துவத்தில் (தனக்காகச் செய்ய எழுதிக்கொடுத்த அதிகாரத்தில்) ஒருவர் விற்கிறாரா? தத்துவம் கொடுத்தவர் இறந்த அன்றே அது செத்துவிடும். உரியவருடன் வீடியோவில் நேரே பேசுங்கள், விற்கும் அதிகாரம் அந்தத் தாளில் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 வருடத்துக்குத் தோம்பு (காணிப் பதிவேடு) பாருங்கள். ஈடு, ஒற்றி, வழக்குப் பதிவு, சீவிய உரித்து எல்லாம் அங்கேதான் கிடக்கும். உறுதி எழுத விற்பவரின் நொத்தாரிசையே நீங்களும் பிடிக்காதீர்கள். செலவு மிச்சம் என்று நினைத்துத்தான் அதிகம் பேர் இதில் விழுகிறார்கள், எங்களுக்கு மிகவும் வருத்தம் தருவதும் இதுதான்.

வீட்டை இரண்டு பருவத்தில் பாருங்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து இரண்டு கிழமைக்குள் காசு கட்டிவிட்டுப் போகிறவர்களுக்குக் கூரை ஒழுக்குத் தெரியாது, ஏனென்றால் அப்போது மழை இல்லை. தை மாதத்தில் வாங்குகிறவருக்குக் கிணற்றின் உண்மை தெரியாது, ஏனென்றால் மாரி மழையில் எல்லாக் கிணறும் நல்ல தண்ணீர்தான். எங்கள் சுண்ணாம்புக் கல் நிலத்தில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடும் கோடையில் மோட்டரை ஒரு மணித்தியாலம் ஓட விடுங்கள். தொடங்கும்போது ஒரு போத்தல், முடியும்போது ஒரு போத்தல் எடுங்கள். இரண்டாவது உவர்த்தால் கீழிருந்து உப்பு ஏறுகிறது. ஆய்வுகூடத்தில் குளோரைட்டு, நைத்திரேற்று, மலக்கிருமி மூன்றையும் கேளுங்கள். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. கொதிக்க வைத்தால் அது போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்கு ஆபத்து. தோட்டக் காணிகளுக்கு நடுவே உள்ள வீடென்றால் இந்தச் சோதனையை விடவே வேண்டாம். மலசலகூடக் குழி எங்கே என்று உங்கள் வீட்டில் மட்டுமல்ல, வேலிக்கு அந்தப் பக்கமும் கேளுங்கள். கல்லில் வெடிப்பு இருந்தால் 50 அடி தூரமும் காப்பாற்றாது.

கட்டடத்தில் முதலில் பார்க்க வேண்டியது புதுப் பெயின்ற். அறைச் சுவரில் இடுப்பளவுக்கு மட்டும் புதிதாக டைல்ஸ் ஒட்டியிருந்தால் அடியில் உப்புப் பூத்திருக்கும். கடல் மணலில் போட்ட கொங்கிறீற்றுக்குள் கம்பி துருப்பிடித்து வீங்கி, கொங்கிறீற்றைத் தள்ளும். யன்னல் மேல் நீட்டியிருக்கும் தட்டின் அடிப்பக்கத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டு போங்கள். கணீரென்ற சத்தம் மாறி வெறும் பானையைத் தட்டுவதுபோல் கேட்கும் இடத்தில் உள்ளே பிளந்திருக்கிறது. ஓட்டு வீடென்றால் சீலிங்கைக் கழற்றி, பனஞ்சிலாகை சுவரில் இருக்கும் நுனியை ஸ்குறூட்ரைவரால் குத்துங்கள். இறங்கினால் கறையான் அல்லது உக்கல்.

"முத்திரைச் செலவைக் குறைக்க உறுதியில் தொகையைக் குறைத்து எழுதுவம்" என்பார்கள். முத்திரைத் தீர்வை முதல் 1 லட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். ஒரு கோடிக்கு 3 லட்சத்து 99 ஆயிரம் ரூபாய். அதை மிச்சம் பிடிக்கப் போய், நாளை உரித்துத் தவறினால் எழுத்தில் நிற்பது அந்தக் குறைந்த தொகை மட்டும்தான்.

கையெழுத்து வைக்கும் அன்று காலையும் ஒருமுறை பதிவகத்தில் பாருங்கள். எழுதிய உறுதியை உடனே பதியச் சொல்லுங்கள். அதே வீட்டை இன்னொருவர் காசு கொடுத்து வாங்கி உங்களுக்கு முன் பதிந்துவிட்டால், சூது ஏதும் இல்லாதவரை அவருடைய உறுதிதான் முந்தும். சோலை வரி (வீட்டு வரி), கரண்ட் பில் நிலுவைப் பற்றுச்சீட்டுகளைத் திறப்போடு சேர்த்து வாங்குங்கள்.