கேம்களை மாற்றித் தருவதாகச் சொல்லும் கடையிடம் பழைய ஹார்ட் டிஸ்கை விட்டுவிட்டு வராதீர்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி இல்லாத பழைய கணினிகளில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்ற இயலாது என்பதால், மதுரை ஒத்தக்கடையில் எங்கள் தெருவிலேயே சிலர் பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் புதியது வாங்கியிருக்கிறார்கள். அப்படி வாங்கப் போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வீட்டில் கேம் விளையாடும் பிள்ளைகள் இருந்தால் தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

டவுன் ஹால் ரோடு பக்கம் உள்ள ஒரு கடையில் புதிய கணினி வாங்கினோம். பழைய சிபியுவை அவர்களே எடுத்துக்கொண்டு விலையில் கழித்தார்கள். கேம்களையும் அவற்றின் சேவ் (விளையாடிச் சேர்த்தவை), செட்டிங்ஸ் அனைத்தையும் புதியதற்கு மாற்றித் தர, கேம் ஒன்றுக்கு 300 ரூபாய் தனியாக வாங்கினார்கள். நாங்கள் எல்லாவற்றையும் இயக்கிப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் பழைய டிஸ்கை அழிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். கடைக்காரர் அதை பில்லின் பின்புறம் தம் கைப்படவே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

கணினி வீட்டுக்கு வந்ததும் என் மகன் முதலில் திறந்தது, கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் கேமான மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பை. அவன் எட்டாம் வகுப்புக் கோடை விடுமுறையில் தொடங்கி, பள்ளி நண்பர்களோடு சேர்ந்து வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை அதில் கட்டிக்கொண்டிருந்தான். நான்கு பக்கப் படித்துறையும், நடுவில் மைய மண்டபமும், கரையோரம் கோயிலும் ஏறக்குறைய முடிந்திருந்தன. நாயக்கர் மகாலின் தூண்களை அடுத்து எழுப்புவதாக இருந்தார்கள். அந்த உலகத்தின் பெயர் தெரிய வேண்டிய இடத்தில், புதிய உலகம் உருவாக்கச் சொல்லும் திரை வந்து நின்றது. விசைப்பலகை அமைப்பு, ஒலி அளவு முதற்கொண்டு எல்லாம் முதல் நாள் நிலைக்குத் திரும்பியிருந்தன.

உடனே கடைக்குப் பேசினேன். "கேம் ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணித்தான் சார் கொடுத்திருக்கோம். கேம் ஓடுதுல்ல?" என்றார் கடைக்காரர். பழைய டிஸ்கை நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம் என்றதற்கு, "அது அன்னைக்கே ஃபார்மட் பண்ணி வேற சிஸ்டத்துக்குப் போயிருச்சு சார்" என்று சொல்லி வைத்துவிட்டார். எழுதிக் கொடுத்த மை காய்வதற்குள் அதை மீறியிருக்கிறார்கள் என்பதை இன்றுவரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இந்த இடத்தில் தொழில் விவரம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஏமாற்று முழுவதும் அதைச் சுற்றியே நடக்கிறது. கேம் நிறுவப்பட்டிருக்கும் ஃபோல்டர் வேறு, நீங்கள் விளையாடிச் சேர்த்தவை இருக்கும் ஃபோல்டர் வேறு. ஸ்டீம் என்ற இணையக் கேம் கடை வழியாக வாங்கியவை வழக்கமாக ஸ்டீம்ஆப்ஸ் என்ற ஃபோல்டருக்குள் காமன் என்பதில் இருக்கும். சேவ் ஃபைல்களோ, கேமைப் பொறுத்து, டாக்குமென்ட்ஸில் மை கேம்ஸ் என்ற பெயரிலும், சேவ்டு கேம்ஸ் என்ற ஃபோல்டரிலும், பெரும்பாலும் ஆப்டேட்டா என்ற ஃபோல்டருக்குள்ளும் கிடக்கும். ஆப்டேட்டாவை விண்டோஸ் மறைத்தே வைத்திருக்கிறது. மறைந்தவற்றைக் காட்டச் சொன்னால்தான் கண்ணுக்குத் தெரியும். மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பின் உலகங்கள் அதனுள் ரோமிங், அதனுள் .மைன்கிராஃப்ட், அதனுள் சேவ்ஸ் என்ற வரிசையில் இருக்கின்றன. இன்னும் சில கேம்கள், குறிப்பாக யூனிட்டி என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் உருவானவை பல, செட்டிங்ஸை விண்டோஸின் உள்பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் எழுதிவைப்பதால், ஃபோல்டர்களை மட்டும் எடுத்துப்போனால் அவை வந்து சேரா. நான் சிடியிலிருந்து ஏற்றி விளையாடிவந்த, 1999-இல் வெளியான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 போன்ற பழைய கேம்களில் வேறொரு சிக்கல் உண்டு. அவை தம் நிறுவல் ஃபோல்டருக்குள்ளேயே சேவ் செய்வதாக நினைத்துக்கொள்ளும். விஸ்டா பதிப்பின் காலத்திலிருந்து விண்டோஸ் அப்படி எழுதுவதைத் தடுத்து, ஆப்டேட்டாவுக்குள் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற இடத்துக்குத் திருப்பிவிடுகிறது. இவற்றையெல்லாம் அறிந்திருப்பதாகச் சொல்லித்தான் அந்தக் கடை கட்டணம் வாங்கியது.

சேவ்களை இணையத்தில் பிரதி வைக்கும் ஸ்டீமின் கிளவுட் சேமிப்பு எல்லாக் கேம்களுக்கும் கிடையாது. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் தனியாக விளையாடும் உலகம் அந்தக் கணினியில் மட்டுமே இருக்கும். நண்பர்களிடமாவது பிரதி இருக்குமா என்று கேட்டுப் பார்த்தோம். ஒருவர் திறந்துவைத்த உலகத்துக்குள் மற்றவர்கள் வந்து விளையாடும்போது, வந்தவர்களுடைய கணினியில் அந்த உலகம் சேமிக்கப்படுவதில்லை. எங்கள் வீட்டு டிஸ்கில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

இதைவிடக் கவலைக்குரியது பிறகு தெரியவந்தது. காசு கொடுத்து வாங்கிய ஒரு கேமை டெஸ்க்டாப்பில் இருந்த ஐகானைச் சொடுக்கித் திறந்தபோது, ஸ்டீம் கணக்கில் நுழையாமலேயே அது ஓடியது. அதே நேரத்தில் ஸ்டீம் லைப்ரரியிலோ அந்தக் கேமுக்கு எதிரே இன்ஸ்டால் பொத்தான்தான் இருந்தது. "அப்பா, இது நம்ம வாங்குன கேமே இல்ல" என்றான் மகன். மாற்றத் தெரியாத கேம்களுக்குப் பதிலாகக் கிராக் செய்த, அதாவது உரிமப் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதிகளை ஏற்றி, அதற்கும் 300 ரூபாய் வீதம் வாங்கியிருக்கிறார்கள். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் சோதனையிலிருந்து விலக்கப்பட்டவற்றின் பட்டியலைப் பார்த்தபோது, டி டிரைவ் முழுவதும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. அதாவது, அந்தக் கிராக் பிரதிகளுக்குள் எந்தக் கேடான நிரல் இருந்தாலும் பாதுகாப்பு மென்பொருள் அதைத் திரும்பியும் பார்க்காது. என் வங்கிக் கணக்கையும் மகனுடைய பள்ளிக் கணக்கையும் திறக்கும் கணினியில் இதைச் செய்திருக்கிறார்கள். அன்றே விண்டோஸை முழுவதுமாக அழித்து மறுபடி ஏற்றினேன். கடவுச்சொற்கள் அனைத்தையும் வேறொரு கருவியிலிருந்து மாற்றினேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிவு செய்த பிறகு, மாற்றித் தருவதற்காக வாங்கிய பணத்தை மட்டும் கடைக்காரர் திருப்பிக் கொடுத்தார். டிஸ்க் எங்கே போனது என்று இன்னும் சொல்லவில்லை. பணம் வாங்கிக்கொண்டு குறைபாடான சேவை அளிப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வழக்குக்கு உரியது. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பில்லின் பின்புறத்தில் உள்ள அந்தக் கையெழுத்தோடு நான் மதுரை ஆணையத்துக்குப் போக இருக்கிறேன். உங்கள் கடைக்காரர் எவ்வளவு பழக்கமானவராக இருந்தாலும் எழுத்தில் வாங்குங்கள் என்று சொல்வது இதனால்தான்.

எழுத்தைக் காட்டிலும் உறுதியானது டிஸ்கை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்வது. எக்ஸ்சேஞ்சில் டிஸ்க் இல்லாமல் சிபியுவைக் கொடுத்தால் சில நூறு ரூபாய் குறையும், அவ்வளவுதான். அந்தத் தொகையைப் பெரிதாக எண்ண வேண்டாம். உண்மையில் ஸ்டீம் கேம்களை மாற்றக் கடையே தேவையில்லை. இரண்டு கணினிகளையும் ஒரே வைஃபையில் இணைத்து, இரண்டிலும் அதே கணக்கில் நுழைந்தால், 2023-இல் வந்த வசதியின் மூலம் கேம் ஃபைல்கள் இணையத்திலிருந்து மறுபடி இறங்காமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடும். ஆனால் அதுவும் கேமை மட்டுமே கொண்டுபோகும் என்பதால், டாக்குமென்ட்ஸ், சேவ்டு கேம்ஸ், ஆப்டேட்டா ஆகிய மூன்றையும் ஒரு வெளி டிஸ்கில் தனியே பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடைக்கும் ஸ்டீம் கடவுச்சொல்லையோ, கைபேசிக்கு வரும் குறியீட்டையோ சொல்லாதீர்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டு வந்தவர்கள் இன்றே கடைக்குப் போய் டிஸ்கைக் கேட்டு வாங்குங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்காக இருந்து, மேலோட்டமாக மட்டும் ஃபார்மட் செய்யப்பட்டிருந்தால், அதன்மேல் வேறெதுவும் எழுதப்படாதவரை மீட்பு மென்பொருளைக் கொண்டு ஃபைல்களை எடுக்க வாய்ப்பிருக்கிறது. சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டியாக இருந்தால், ஃபார்மட்டின்போதே ட்ரிம் கட்டளை போய்ப் பழைய தரவைத் துடைத்துவிடும் என்பதால் அந்த வாய்ப்பு மிகவும் குறைவு. எதுவானாலும் அதில் விண்டோஸ் ஏற்ற விடாதீர்கள். கழற்றித் தரச் சொல்லிக் கையோடு கொண்டுவந்துவிடுங்கள்.