வளையத்தடியில் ஒரு நெட்டைச் சென்டர்: வெளியே இழுப்பதா, மோதுவதா, மேலே தூக்கிப் போடுவதா?

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கத்துக் கூடைப்பந்து அணிகளில் ஆறடியைத் தாண்டிய ஆட்டக்காரர் இருவர் இருந்தாலே அதை உயரமான அணி என்று சொல்லிவிடுவது வழக்கம். அப்படிப்பட்ட இடத்தில், ஆறடி ஐந்து அங்குல உயரத்தோடு எப்போது எழும்ப வேண்டும் என்ற கணக்கும் கைவந்த ஒரு சென்டர் (வளையத்தடியில் ஆடும் நெட்டை ஆட்டக்காரர்) எதிரணியில் வந்து நின்றுவிட்டால், முதல் ஐந்து நிமிடங்களுக்குள் நம் பிள்ளைகளின் கால்கள் வளையத்தை நோக்கிப் போக மறுத்துவிடுகின்றன. காட்பாடியில் ஒரு கல்லூரி அணிக்கு மாலை வேளைகளில் பயிற்சி அளித்து வரும் நான், சென்ற ஆண்டு அப்படி ஓர் ஆட்டத்தைத் தோற்ற பிறகு குறிப்பேட்டைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். அந்தச் சென்டர் நேரடியாகத் தட்டிவிட்ட ஷாட்கள் ஆறுதான். அவர் நிற்கிறார் என்பதற்காகவே எங்கள் பையன்கள் லே-அப் (வளையத்தருகே ஓடிப்போய்ப் போடும் ஷாட்) போக வேண்டிய இடத்தில் தயங்கி நின்று, திரும்பி, பந்தை வெளியே கொடுத்துவிட்ட தருணங்கள் அதைப்போல் மூன்று மடங்கு இருந்தன.

பெரிய ஆட்டக்காரர்களின் கணக்கும் இதையே காட்டுகிறது. அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியான என்பிஏ-வில் ஒரே பருவத்தில் மிக அதிகமாக பிளாக் செய்தவர், அதாவது எதிரணி ஷாட்களைத் தட்டிவிட்டவர், யூட்டா அணியின் மார்க் ஈட்டன். 1984-85-ல் அவர் செய்தவை 456. ஆட்டத்துக்குச் சராசரி 5.56. விக்டர் வெம்பன்யாமா தம் முதல் பருவமான 2023-24-ல் ஆட்டத்துக்கு 3.6 என்ற சராசரியோடு அங்கே முதலிடம் பெற்றார். இன்றைய என்பிஏ ஆட்டத்தில் ஓர் அணி ஏறத்தாழ தொண்ணூறு ஷாட் எடுக்கிறது என்பதை இதன் அருகில் வைத்துப் பார்த்தால், தட்டிவிடப்பட்ட ஷாட்களைவிட, கையைக் கண்டு வளைந்து போன ஷாட்களும் எடுக்காமலே விட்ட ஷாட்களும்தான் உண்மையான இழப்பு என்பது விளங்கும். கீழே ஒப்பிடும் வழிகளை இந்த ஒரே கேள்வியை வைத்தே எடைபோடுகிறேன்: அவர் எங்கே நிற்பார் என்பதை முடிவு செய்வது யார், அவரா நாமா?

ஐவரும் வெளியே

இன்று கைப்பேசியில் ஆட்டம் பார்க்கும் எந்த மாணவரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். ஐந்து பேரையும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நிறுத்தினால், நெட்டைச் சென்டரும் தம் ஆளைத் தேடி வெளியே வந்தாக வேண்டும். வளையத்தடி காலியாகிவிடும் என்பது கணக்கு. இதற்கு எடுத்துக்காட்டாக 2021 என்பிஏ பிளேஆஃப் (கோப்பைக்கான இறுதிக்கட்டத் தொடர்கள்) இரண்டாம் சுற்றில் கிளிப்பர்ஸ் அணி யூட்டா ஜாஸை வென்றதைச் சொல்வார்கள். அந்தப் பருவத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதைப் பெற்றிருந்த ரூடி கோபேர், ஆறாவது ஆட்டத்தில் மூலையில் நின்ற டெரன்ஸ் மேனைக் காக்க வேண்டியிருந்தது. பந்தைக் கொண்டுவரும் கார்டுகள் உள்ளே புகும்போதெல்லாம் கோபேர் வளையத்தைக் காக்க ஓடினார். பந்து மூலைக்குப் போனது. மேன் 39 புள்ளிகள் எடுத்தார். 25 புள்ளிகள் பின்தங்கியிருந்த கிளிப்பர்ஸ் 131-119 என்று அந்த ஆட்டத்தையும், 4-2 என்று தொடரையும் வென்றது.

இதை அப்படியே நம் ஆடுகளத்துக்குக் கொண்டுவருவதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. என்பிஏ-வில் 2001-02 பருவத்திலிருந்து தடுக்கும் அணிக்கும் மூன்று விநாடி விதி உண்டு. அருகில் யாரையும் காக்காமல், வளையத்தடிக் கட்டமான பெயிண்டுக்குள் மூன்று விநாடிக்கு மேல் நின்றால் அது மீறல். நாம் ஆடுவது உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் விதிப்படி. இங்கே மூன்று விநாடி விதி தாக்கும் அணிக்கு மட்டுமே பொருந்தும். எதிரணிச் சென்டர் விரும்பினால் நாற்பது நிமிடமும் அந்த 4.9 மீட்டர் அகலக் கட்டத்துக்குள் குடியிருக்கலாம். அவரை வெளியேற்ற நடுவருக்கு அதிகாரம் இல்லை. ஆகவே ஐவரையும் வெளியே நிறுத்துவதால் மட்டும் அவர் வெளியே வந்துவிட மாட்டார். அவர் காக்க வேண்டிய ஆள் உண்மையிலேயே 6.75 மீட்டர் தொலைவிலிருந்து போட வல்லவராக இருந்தால்தான் வருவார்.

நூறு முறை எறிந்து 25 விழும் மூன்று புள்ளி ஷாட்டின் பலன் 75 புள்ளி. நூற்றில் 40 விழும் இரண்டு புள்ளி ஷாட்டின் பலன் 80. நம் மாவட்டத்துக் கல்லூரி அணிகளில் சென்டராக ஆடுபவரிடம், திறந்தவெளி சிமென்ட் தரையில், மாலைக் காற்றில், மங்கிய விளக்கொளியில் நான்குக்கு ஒன்று விழுந்தாலே நான் கைதட்டுவேன். அந்த அளவுக்கு வராத ஒருவரை மூலையில் நிறுத்தினால், எதிரணிச் சென்டர் அவரைத் திரும்பியும் பார்க்காமல் வளையத்தடியிலேயே நிற்பார். அப்போது நாம் ஐவராகத் தாக்கவில்லை, நால்வராகத் தாக்குகிறோம் என்று பொருள்.

மோதி ஃபவுல் வாங்குவது

இரண்டாவது வழி பழைய வழி. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலருக்குப் பிடித்த வழியும்கூட. நேராக அவர் நெஞ்சை நோக்கிப் போ, உடம்பில் உடம்பு பட்ட பிறகு ஷாட் எடு, ஃபவுலை வாங்கு. ஃபிபா விதியில் ஐந்து ஃபவுலுக்கு ஆட்டக்காரர் வெளியேற வேண்டும், என்பிஏ-வில் ஆறு. முதல் பாதியிலேயே இரண்டு விழுந்துவிட்டால் எதிரணிப் பயிற்சியாளரே அவரை உட்கார வைத்துவிடுவார். இதன் ஆதாயம் மிகப் பெரியது என்பதை மறுக்கவில்லை. ஆனால் நேராக எழும்பி, கைகளைச் செங்குத்தாக உயர்த்தித் தம் இடத்துக்குள்ளேயே இருக்கும் தடுப்பாளர்மீது நாம் மோதினால் அவர்மீது ஃபவுல் கிடையாது. நல்ல பிளாக்கருக்கு இது நன்றாகத் தெரியும். பம்ப் ஃபேக் கொடுத்து, அதாவது ஷாட் எடுப்பதுபோல் ஏமாற்றி, அவரை முதலில் எழுப்பிவிட்டு, அவர் இறங்கும் நேரத்தில் நாம் எழும்பினால் மட்டுமே இந்த வழி பலிக்கும். பத்தொன்பது வயதுப் பையனுக்கு அந்தப் பொறுமையைக் கற்றுக்கொடுக்க ஒரு பருவம் போதாது. வாங்கிய ஃப்ரீ த்ரோவைப் போடாவிட்டால் இவ்வளவு பாடும் வீண். இதை நான் முழு ஆட்டத் திட்டமாக வைப்பதில்லை. ஆடுகளத்துக்குப் போனபின் நடுவரின் விசிலைப் பார்த்து எடுக்கும் முடிவு இது.

ஃப்ளோட்டரும் போர்டு ஷாட்டும்

அவர் வளையத்தடியை விட்டு நகர மாட்டார் என்றால், அவர் கை எட்டுமுன்பே பந்தை விடுவது மூன்றாவது வழி. ஃப்ரீ த்ரோ கோட்டுக்கும் அவர் நிற்கும் இடத்துக்கும் இடையே இரண்டு மூன்று மீட்டர் வெற்றிடம் எப்போதும் இருக்கும். அங்கே ஒற்றைக் காலிலோ இரு காலிலோ எழும்பி, பந்தை உயரமாகத் தூக்கி விடும் ஃப்ளோட்டரைப் பயன்படுத்தி, சான் அன்டோனியோ அணியின் டோனி பார்க்கர் தம்மைவிட மிக உயரமானவர்களுக்கு நடுவே பல ஆண்டுகள் ஆடி நான்கு கோப்பைகளைப் பெற்றார். நம் கார்டுகளின் உயரத்துக்குப் பொருத்தமான ஷாட் இதைவிட வேறில்லை.

குறை என்னவென்றால், இது கடினமான ஷாட். கையின் மென்மை வேண்டும். ஓடிவரும் வேகத்தை நிறுத்தும் கால் வேண்டும். கிடைப்பதும் இரண்டே புள்ளிகள். ஃபவுலும் அரிதாகவே கிடைக்கும்.

இதற்கு உறவான, வளையத்தின் பின்பலகையில் அடித்துப் போடும் போர்டு ஷாட்டை நம் ஊர்ப் பிள்ளைகள் மறந்தே போனது எனக்கு வருத்தம். விதியைக் கவனியுங்கள்: ஷாட் எடுக்கப்பட்ட பந்து போர்டில் பட்ட பிறகு, அது வளையத்தின் மட்டத்துக்கு மேலே இருக்கும்போது தடுப்பாளர் தொட்டால் அது கோல்டெண்டிங், புள்ளி நமக்கு. ஆகவே பக்கவாட்டிலிருந்து சீக்கிரமாகவும் உயரமாகவும் போர்டில் அடித்துவிடும் பந்தை எத்தனை நெட்டையராலும் சட்டப்படி தொட முடியாது. அவருக்கு இருக்கும் நேரம், பந்து நம் கையை விட்டு போர்டைச் சேரும் வரையிலான அந்தக் கண்ணிமைப் பொழுது மட்டுமே. வளையத்தின் அடுத்த பக்கம் போய் முடிக்கும் ரிவர்ஸ் லே-அப்பும் இந்த வகைதான். அங்கே வளையமும் வலையுமே நமக்குக் கேடயமாகிவிடுகின்றன.

ஸ்கிரீனும் பேஸ்லைன் பாஸும்

நான் அதிக நேரம் செலவிடுவது இதில். எதிரணிச் சென்டர் காக்கும் ஆளையே மேலே அழைத்து, பந்து வைத்திருக்கும் கார்டுக்கு ஸ்கிரீன் போட, அதாவது கார்டைக் காப்பவரின் வழியில் நின்று மறிக்க, வைக்க வேண்டும். இப்போது சென்டருக்கு மூன்றே வழிகள் உள்ளன. பின்வாங்கி வளையத்தடியில் நின்றால், கார்டுக்கு ஃப்ளோட்டர் போடும் இடம் திறக்கும். முன்னேறி வந்து கார்டை மறித்தால், ஸ்கிரீன் போட்டவர் சுழன்று திரும்பி வளையத்துக்குப் போகும் பாதை திறக்கும். ஆளை மாற்றிக்கொண்டால், வளையத்திலிருந்து ஆறு மீட்டர் தள்ளி ஒரு சிறிய, வேகமான கார்டைத் துரத்தும் வேலை அவருக்கு வந்துசேரும். மூன்றில் எதைத் தேர்ந்தாலும் அவர் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுக்கிறார். ஐவரும் வெளியே நிற்கும் வழியோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு புரியும்: அங்கே நம் ஆளைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும் உரிமை அவரிடம் இருக்கிறது, இங்கே அந்த உரிமையை நாம் பறித்துவிடுகிறோம். நம் சென்டருக்கு வெளியிலிருந்து போடத் தெரிய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஸ்கிரீன் இல்லாத நேரங்களில் அந்த ஆள் எங்கே நிற்க வேண்டும் என்பதில்தான் முதல் வழியும் இந்த வழியும் நேருக்கு நேர் மோதுகின்றன. மூலையில் நிறுத்து என்கிறது முதல் வழி. வளையத்துக்குப் பின்னுள்ள எல்லைக்கோடான பேஸ்லைனை ஒட்டி, பெயிண்டுக்குச் சற்று வெளியே, வளையத்துக்குப் பக்கவாட்டில் நிறுத்து என்கிறது இது. அந்த இடத்தை டங்கர் ஸ்பாட் என்பார்கள்; டங்க் (எழும்பிப் பந்தை வளையத்துக்குள் திணிப்பது) அடிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நம் பக்கத்திலும் பெயர் என்னவோ அதுதான். கார்டு உள்ளே புகும்போது தட்டுவதற்காகச் சென்டர் ஓரடி முன்வைத்த கணமே, தரையில் தட்டிச் செல்லும் ஒரு தாழ்ந்த பாஸ் அந்த இடத்துக்குப் போக வேண்டும். அவர் கைகள் மேலே இருக்கும். தாழ்ந்த பாஸை அவரால் தொட முடியாது. வாங்கியவர் பந்தை டிரிபிள் செய்யாமல் அப்படியே எழும்பி முடிக்க வேண்டும். ஒரே ஒரு முறை தரையில் தட்டினாலும் போதும், நெட்டையர் திரும்பி வந்துவிடுவார். இந்த நிறுத்தம் சென்டரை வளையத்தின் அருகிலேயே வைத்திருக்கிறது என்பது உண்மையான குறைதான். ஆனாலும் நூற்றுக்கு முப்பதுக்குக் கீழே மூன்று புள்ளி போடும் ஆளுக்கு மூலையைவிட பேஸ்லைனே மேல் என்பது என் தீர்ப்பு.

இதில் இன்னொரு மறைமுக ஆதாயமும் உண்டு. தட்டுவதற்காக எழும்பும் சென்டர் தம் ஆளைப் பின்னால் விட்டுவிட்டே எழும்புகிறார். ஷாட் விழாமல் வளையத்தில் பட்டுத் திரும்பினால், பேஸ்லைனில் நிற்கும் நம் ஆளை மறிக்க யாரும் இருக்க மாட்டார்கள். அப்படித் திரும்பிய பந்தை, அதாவது ரீபவுண்டை, எடுத்தால் ஷாட் எடுக்க உள்ள நேரத்தை எண்ணும் ஷாட் கிளாக்கில் நமக்குப் புதிதாக 14 விநாடி கிடைக்கும். பிளாக்கில் பந்து வெளியே போனாலும் நமக்கே வரும். ஆனால் வளையத்தைத் தொடாததால் கடிகாரம் பழைய இடத்திலிருந்தே ஓடும். பையன்கள் இதை மறந்து விழிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஓட்டம்

ரீபவுண்ட் எடுத்ததும் அவர் திரும்பி வருவதற்குள் 28 மீட்டரைக் கடந்துவிட்டால் மேலே சொன்ன எதுவும் தேவையில்லை. வேலூர்க் கோடையில் ஆறு மணிக்குக்கூட சிமென்ட் தரை அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். மூன்றாவது கால்பகுதியில் கனத்த உடம்புக்காரர் இடுப்பில் கை வைத்து நிற்பதை நாம் எதிர்பார்க்கலாம். அதே வெயில் நம் பிள்ளைகளுக்கும் உண்டு. மாற்றி இறக்க எட்டு ஒன்பது பேர் தயாராக இல்லாத அணி இதை நம்பி இறங்கக் கூடாது. எங்களிடம் ஏழு பேர்தான் இருக்கிறார்கள்.

அடுத்த ஆட்டத்துக்கு

வெளியிலிருந்து போடத் தெரிந்த சென்டர் ஒருவர் இருக்கும் அணிக்கு முதல் வழியே சிறந்தது. அதில் எனக்கு ஐயமில்லை. அவர் இல்லாத எங்களைப் போன்ற அணிக்கு ஸ்கிரீனை முதலிலும், அதிலிருந்து பிறக்கும் ஃப்ளோட்டரையும் பேஸ்லைன் பாஸையும் அடுத்தும் வைத்திருக்கிறேன். எதிரணிச் சென்டருக்கு இரண்டு ஃபவுல் விழுந்த பிறகு மட்டுமே மோதும் வழி. ஓட்டம், அவர் களைத்த பிறகு.

இதற்கான பயிற்சிக் கருவி எங்கள் அறைக் காவலாளி அண்ணனிடம் கடன் வாங்கிய ஒரு நீண்ட ஒட்டடைக் கம்பு. ஆறடி ஐந்து அங்குலக்காரர் கையை உயர்த்தி எழும்பினால் ஏறத்தாழ பத்தரை அடியை எட்டுவார் என்று கொண்டு, வளையத்துக்கு இரண்டடி முன்னால் நின்று அந்த உயரத்தில் கம்பை நானே பிடிக்கிறேன். முதல் வாரம் பந்துகளில் பாதி ஒட்டடைத் துடைப்பத்தில் பட்டுத் திரும்பின. இப்போது கம்பை நான் அசைத்தாலும் அவர்கள் வளையத்தை மட்டுமே பார்த்துப் போடுகிறார்கள். கம்பு முன்னே சாய்ந்தால் பந்து பேஸ்லைனுக்குப் போய்விடுகிறது.