கொழும்பில் நல்ல பியர் தேடுகிறவர்களுக்கு: பல வருட அனுபவம்

பெங்களூருக்குப் போய்வந்த நண்பர்கள் எல்லாரும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "மச்சான், கொழும்பில கிராஃப்ட் பியர் எங்க கிடைக்கும்?" கிராஃப்ட் என்றால் பெரிய தொழிற்சாலையில் இல்லாமல் சின்ன அளவில் காய்ச்சுகிற பியர். அங்கே பாருக்குள்ளேயே தொட்டி வைத்துக் காய்ச்சுகிறார்கள், கோதுமை பியர், மாம்பழ பியர் என்று பலகையில் எழுதிப் போடுகிறார்கள், குடித்துப் பார்த்து வந்தவனுக்கு இங்கேயும் அது வேண்டும். அந்தக் கணக்கில் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும் என்று நேராகவே சொல்லிவிடுவேன். ஆனால் கொழும்பில் பியர் குடிப்பதில் தேடுவதற்கு ஒன்றுமே இல்லை என்று நினைக்க வேண்டாம். ஒரே பியர் ஒரு பாரில் ஒரு மாதிரியும் அடுத்த பாரில் வேறு மாதிரியும் இருக்கிற ஊர் இது. புது லேபலைத் தேடுவதை விட்டுவிட்டு, பியரை ஒழுங்காக வைத்திருக்கிற இடத்தைத் தேட ஆரம்பித்த பிறகுதான் எனக்கு இந்த ஊர் பிடிபட்டது.

சின்னக் கம்பனிகள் இங்கே ஏன் முளைப்பதில்லை என்பதற்கு இரண்டு மூன்று காரணங்கள் உண்டு. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் வந்ததிலிருந்து மதுபானத்துக்கு விளம்பரம் செய்ய முடியாது. போஸ்டர் இல்லை, அனுசரணை இல்லை. ஏற்கெனவே எல்லாருக்கும் பெயர் தெரிந்த கம்பனிக்கு இதனால் பெரிய நட்டம் வராது. நேற்றுத் தொடங்கியவனுக்குத்தான் வாயைக் கட்டிப்போட்ட மாதிரி. அடுத்தது மூலப்பொருள். முளைகட்டி உலர்த்திய பார்லியான மோல்ட்டும், கசப்பு தருகிற ஹொப்ஸ் பூவும் கப்பலில்தான் வரவேண்டும். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரைக்கும் ஏறியபோது பெரிய கம்பனிகளே திணறின. அதற்கு மேலே மதுவரி. 5 சதவீத அல்ககோலுக்குக் கீழே ஒரு வரி, மேலே இன்னொரு வரி என்று வைத்திருந்தார்கள். இங்கே எல்லாரும் குடிக்கிற லயன் கம்பனியின் லாகர் 4.8 சதவீதத்தில் நிற்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

ஆகவே கொழும்பில் பியர் என்றால் பெரும்பாலும் லயன்தான். அதன் வேர் இருப்பது கொழும்பில் இல்லை, நுவரெலியாவில். பிறகு நைல் நதியின் ஊற்றைத் தேடிப்போன அதே சாமுவேல் பேக்கர் 1849 இல் அந்தக் குளிருக்குள் பியர் காய்ச்சிப் பார்த்தார். கம்பனி 1881 ஐத் தன் தொடக்கமாகச் சொல்லிக்கொள்கிறது. 1990களின் கடைசியில் உற்பத்தி கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிற பியகமவுக்கு இறங்கி வந்தது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது அந்தத் தொழிற்சாலையே தண்ணீருக்குள் போய், மாதக்கணக்கில் பியர் காய்ச்சுவது நின்றுபோனது. வைன் ஸ்டோர் என்கிற மதுக்கடைகளில் லயன் இல்லாமல் தட்டுகள் வெறுமையாகக் கிடந்ததைக் கொழும்பு அப்போதுதான் பார்த்தது. ஒரு நகரம் ஒரே தொழிற்சாலையை நம்பி இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு பாடம் தேவையில்லை.

இனி பியருக்கு வருவோம்.

லயனின் லாகர் வெளிர் நிறம், மெல்லியது. முப்பது பாகை வெயிலில் நடந்து வந்து உட்கார்ந்தவனுக்கு முதல் கிளாஸாக அதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை. இரண்டாவது கிளாஸில் அதைப்பற்றி யோசிக்க ஒன்றும் இருக்காது. லயன் ஸ்ட்ரோங்கில் அல்ககோல் 8.8 சதவீதம். நாட்டில் அதிகம் ஓடுவது இந்த ரகம்தான், ஏனென்றால் கொடுக்கிற காசுக்கு ஏறுகிற வெறியைக் கணக்குப் பார்த்தால் அதுதான் மலிவு. ருசிக்காக நான் அதை வாங்குவதில்லை. இனிப்பும் அல்ககோல் காரமும்தான் நாக்கில் நிற்கும்.

ஸ்டவுட் வேறு கதை. அதுவும் 8.8 தான். ஆனால் ஊற்றும்போதே தெரியும்: கறுப்பு, மேலே பழுப்பு நிற நுரை, பனங்கட்டியும் கோப்பியும் உலர்ந்த முந்திரிகைப் பழமும் கலந்த வாசனை. மைக்கேல் ஜாக்சன் என்று ஒரு பியர் எழுத்தாளர் இருந்தார், 2007 இல் காலமானார். (பாட்டுக்காரர் இல்லை, இங்கிலாந்துக்காரர்.) அவர் எழுதித்தான் இந்த ஸ்டவுட்டுக்கு வெளிநாட்டில் பெயர் வந்தது. இங்கே நம்மவர்கள் அதை இன்னும் தாத்தாமார் குடிக்கிற சாமானாகத்தான் பார்க்கிறார்கள். கிராஃப்ட், கிராஃப்ட் என்று அலைகிறவர்களிடம் நான் முதலில் நீட்டுவது இந்தக் கறுப்புப் போத்தலைத்தான். வெளிநாட்டில் அதற்குக் கைகட்டி வரிசையில் நிற்பான், இங்கே தட்டின் மூலையில் தூசியோடு கிடக்கும்.

ஸ்டவுட்டை ஐஸ் மாதிரிக் குளிரவைத்துக் குடிப்பதுதான் கொழும்பில் நடக்கிற பெரிய அநியாயம். குளிர் கூடினால் நாக்கு மரத்து, கசப்பு மட்டும்தான் தெரியும். பிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் மேசையில் வைத்துவிட்டு ஊற்றிப் பாருங்கள். ஊற்றியதில் பாதியைக் குடித்துவிட்டு மிச்சத்தை மெதுவாகக் குடிக்கக் குடிக்க, கிளாஸ் சூடேறிக்கொண்டே வர, சொக்கலேட் வாசனை பின்னாலிருந்து எழும்பி வரும். வீட்டில் நாங்கள் அதை வட்டிலப்பத்தோடு எடுப்பதுண்டு. கித்துள் கருப்பட்டிக்கும் ஏலக்காய்க்கும் ஸ்டவுட்டின் கசப்பு சரியாகப் பொருந்துகிறது. பெருநாளுக்குப் பக்கத்து முஸ்லிம் வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தால் அன்றிரவு எங்கள் வீட்டில் ஸ்டவுட் திறக்கப்படும். கொடுத்தனுப்பிய அன்ரிக்கு இது தெரியாமல் இருப்பது நல்லது.

பீப்பாயிலிருந்து குழாய் வழியாக ஊற்றுகிற டிராஃப்ட் பியரில்தான் பாருக்கும் பாருக்கும் உள்ள வித்தியாசம் வெளியே வரும். கெக் என்கிற அந்தப் பீப்பாய் புதிதாக இருந்து, குழாய் சுத்தமாக இருந்தால் லாகரே வேறு ஆள் ஆகிவிடும்: மெல்லிய தானிய வாசனை, கடைசியில் ஒரு சின்னக் கசப்பு. குழாயைக் கழுவாமல் விட்டிருந்தால் முதல் வாயிலேயே புளிப்போ பழைய வெண்ணெய் வாடையோ அடிக்கும். கிளாஸையும் பாருங்கள். உள்சுவரில் குமிழிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டு நின்றால் அந்தக் கிளாஸில் சவர்க்காரமோ எண்ணெய்ப் பசையோ மிச்சமிருக்கிறது. சுத்தமான கிளாஸில் நுரை ஒவ்வொரு வாய்க்கும் ஒரு வளையமாகச் சுவரில் படிந்துகொண்டு இறங்கும். குடித்து முடித்த கிளாஸில் எத்தனை வளையம் என்று பார்த்தால் அந்தப் பாரின் சமையலறையை எட்டிப்பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

இதற்காகவே நான் டிராஃப்ட் குடிக்கப் போவது வெள்ளிக்கிழமை இரவு, கூட்டமான இடத்துக்கு. சத்தம் எனக்குப் பிடிக்காது. ஆனால் கெக் ஒரே இரவில் காலியாகிற இடத்தில்தான் பியர் புதிதாக இருக்கும். திங்கட்கிழமை மத்தியானம் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தால், இரவு முழுக்கக் குழாய்க்குள் கிடந்ததைத்தான் உங்களுக்கு ஊற்றித் தருவார்கள். கோட்டைப் பக்கம் ஒரு பாரில் அப்படி ஒரு கிளாஸ் வந்தபோது மாற்றித் தரச் சொன்னேன். "சேர், எல்லாம் ஒரே பரல்தான்" என்றான் பையன். அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் பிரச்சினையே.

டவர் என்று மேசை நடுவில் நிமிர்த்தி வைக்கிற மூன்று லீட்டர் குழாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு பேருக்கு மேல் இருந்து, எல்லாரும் வேகமாகக் குடிப்பவர்களாக இருந்தால் பரவாயில்லை. கதை பேசுகிற கூட்டம் என்றால் கடைசி மூன்றில் ஒரு பங்கு சூடாகி, காற்றுப்போய், சக்கரைத் தண்ணீர் ஆகிவிடும். எங்கள் கூட்டம் கதை பேசுகிற கூட்டம். நாங்கள் டவர் எடுப்பதில்லை.

இடங்கள். கோட்டையில் பழைய டச்சு ஹொஸ்பிட்டல் 1681 அளவில் கட்டியது. 2011 டிசம்பரில் கடைத்தொகுதியாகத் திறந்தார்கள். தடித்த சுவர், ஓட்டுக்கூரை, நடுவில் முற்றம். பின்னேரம் ஆறு மணிக்கு அந்த முற்றத்தில் காற்று ஓடும். பியருக்காக என்பதைவிட அந்த முற்றத்துக்காகத்தான் போகிறோம், விலையும் அதற்கேற்ற மாதிரிதான். 1864 இல் தொடங்கிய கோல் ஃபேஸ் ஹோட்டலில் கடலைப் பார்த்து உட்கார்ந்து சூரியன் விழும்வரை ஒரு லாகர் குடிப்பது வெளிநாட்டிலிருந்து வருகிற மாமா, மச்சான்மாருக்கு நான் வைத்திருக்கிற கட்டாய நிகழ்ச்சி. கல்கிசைக் கடற்கரையில் ரயில் தண்டவாளத்தைத் தாண்டிப் போனால் மணலில் மேசை போட்ட இடங்கள் உண்டு. அங்கே டிராஃப்ட் கேட்காதீர்கள், போத்தலே கேளுங்கள். ஹொட் பட்டர் கணவாய் அங்கேதான் மொறுமொறுப்பாக வரும், அது போதும்.

பில்லைப் பற்றி ஒரு வார்த்தை. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் சின்னதாக இரண்டு பிளஸ் குறி இருந்தால் 10 சதவீத சேவைக் கட்டணமும் வற் வரியும் தனி. வற் 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். ஆக, மெனுவில் ஆயிரம் என்று இருப்பது கையில் ஆயிரத்து முந்நூறு ஆகிவிடும். ஊருக்குப் புதியவர்கள் இதில்தான் முகம் கறுத்துப்போவார்கள்.

வைன் ஸ்டோரில் வாங்கும்போது நான் பார்ப்பது இரண்டே விஷயம். ஒன்று, கானின் அடியில் அடித்திருக்கிற உற்பத்தித் திகதி. லாகர் என்றால் இரண்டு மூன்று மாதத்துக்குள் இருக்கவேண்டும். ஸ்டவுட் பழையதாக இருந்தாலும் கவலையில்லை, அந்த அளவு அல்ககோலுக்குக் கொஞ்சம் வயது ஏறினால் பழ வாசனை கூடத்தான் செய்யும். மற்றது, போத்தல் எங்கே நின்றது என்பது. ஹொப்ஸில் இருக்கிற கசப்புச் சத்து வெளிச்சம் பட்டால் உடைந்து, நாற்றமடிக்கிற கந்தகச் சேர்மமாக மாறிவிடும். பழுப்புப் போத்தல் ஓரளவு காப்பாற்றும், பச்சைப் போத்தல் காப்பாற்றாது. வாசலில் பின்னேர வெயில் விழுகிற கடையில் பச்சைப் போத்தல் வாங்கவே மாட்டேன். கான் என்றால் இந்தத் தொல்லையே இல்லை.

கடையைப் பற்றிப் பேசும்போது பெண்கள் விஷயத்தைச் சொல்லாமல் விடமுடியாது. 1979 இன் மதுவரி அறிவித்தல் ஒன்று பெண்களுக்கு மது விற்பதைத் தடை செய்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார், சில நாளிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன திருப்பிப் போடச் சொன்னார். நல்ல ஹோட்டல்களில் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் ஒருமுறை ஒரு சூப்பர் மார்க்கெட்டில் என் மனைவி தன் கார்டைக் கொடுத்து இரண்டு ஸ்டவுட் கேட்க, கௌண்டரில் நின்றவர் கார்டை அவளிடம் வாங்கி, பையை மட்டும் என்னிடம் நீட்டினார். அவள் குடிப்பது ஸ்டவுட், எனக்கு அன்றைக்கு வாங்கியது இஞ்சி பியர். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. அவளுக்கு எரிச்சல் மட்டும்தான்.

அந்த இஞ்சி பியரும் இந்தக் கதையில் வரவேண்டியதுதான். எலிஃபன்ட் ஹவுஸின் ஈஜிபியில் அல்ககோல் இல்லை, ஆனால் இஞ்சி தொண்டையைப் பிடிக்கும். கசப்புப் பிடிக்காதவர்களுக்கு லாகரில் பாதிக்குப் பாதி அதைக் கலந்து கொடுத்தால் நல்ல ஷண்டி. வெள்ளவத்தைச் சைவக் கடையில் சூடாக வாங்கிவந்த உளுந்து வடையோடு ஞாயிறு மத்தியானம் அதைக் குடித்துப் பாருங்கள்.

ஊரில் காய்ச்சிய, சின்ன அளவில் செய்த, ஆளுக்கு ஆள் ருசி மாறுகிற பானம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு என்னிடம் இருக்கிற பதில் கள்ளு. மோல்ட் வேண்டாம், கப்பல் வேண்டாம், ஈஸ்ட் காற்றிலேயே வரும். காலையில் இறக்கியது இனிக்கும், மத்தியானம் நுரைக்கும், இரவில் புளிக்கும். யாழ்ப்பாணத்துத் தவறணையில் (கள்ளுக்கடையில்) பனையோலைப் பிளாவில் வாங்கிப் பனங்கள்ளுக் குடித்தவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் கொழும்புக்கு வருவது போத்தலில் அடைத்து, சூடாக்கி, நொதிப்பை நிறுத்தியது. குளிரவைத்துக் குடிக்கலாம், பாதி உயிர்தான் இருக்கும். உண்மையான ருசி வேண்டுமென்றால் காலை ரயிலில் வாத்துவை, களுத்துறைப் பக்கம் போகவேண்டும். அங்கே தென்னைக்குத் தென்னை கயிறு கட்டி, இறங்காமலே மரம் மாறி மாறிக் கள்ளு எடுக்கிறவர்களை இன்னும் பார்க்கலாம். போகிறவர் யாராவது இருந்தால் விடியவே போங்கள், பத்து மணிக்குப் பிறகு போய்ப் புளிக்கிறது என்று சொல்லவேண்டாம்.

கடைசியாக, போயா தினத்தில், அதாவது பௌர்ணமியில், எல்லாம் பூட்டு. வெசாக் என்றால் இரண்டு நாள். பூட்டுக்கு முந்திய நாள் பின்னேரம் வைன் ஸ்டோர் வரிசை தெருமுனை வரைக்கும் போகும், பிரிட்ஜுக்குள் இருந்ததெல்லாம் அதற்குள் முடிந்து சூடான போத்தல்தான் கைக்கு வரும். அதற்கும் ஒரு நாள் முன்னதாகவே வாங்கி வைத்துவிடுங்கள், 21 வயது ஆனதற்கான அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும், திரும்பி வர பிக்மீ செயலியில் வண்டி போட்டுக்கொள்ளுங்கள்.