டிராக்டர் டீசல் பம்ப்பை எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

28,000 ரூபாய் போய்விட்டது. அதோடு, ஒரு குறையும் இல்லாத என் டீசல் பம்ப்பும் (இன்ஜினுக்கு டீசலை அழுத்தி அடிக்கும் பம்ப்) போய்விட்டது. ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி பழசு, மூன்று சிலிண்டர் டீசல் டிராக்டர். காலையில் பட்டென்று ஸ்டார்ட் ஆகும். பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடும். கலப்பையை இறக்கி லோடு கொடுத்ததும் சத்தம் ஏறி இறங்கி, திணறி அணைந்துவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஸ்டார்ட் ஆகும். டீசல் ஃபில்டர் இரண்டையும் மாற்றி, டேங்க்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் சின்ன பம்ப்பான ஃபீட் பம்ப்புக்குக் கீழே இருக்கும் கிண்ணத்தைக் கழுவி, ஏர் எடுத்து (டீசல் வழியில் சிக்கிய காற்றை வெளியேற்றி) பார்த்தாயிற்று. அதே கதைதான்.

அப்போதுதான் பழைய டிராக்டர்களுக்கு ரீகண்டிஷன் செய்த, அதாவது பழசைப் புதுப்பித்த டீசல் பம்ப் விற்கும் ஓர் ஆன்லைன் கடை கண்ணில் பட்டது. பெயரைச் சொல்லவில்லை. நாளைக்கே வேறு பெயரில் வந்து நிற்பார்கள், பெயர் தெரிந்து என்ன பயன்?

போனில் பேசியவர் இன்ஜின் ஓடும் சத்தத்தைக் கேட்கவைக்கச் சொன்னார். சில விநாடிதான் கேட்டிருப்பார். “எலிமென்ட் தேஞ்சு போச்சுண்ணே. சூடானா டீசல் கசிஞ்சிடும், அதான் நிக்குது” என்றார். எலிமென்ட் என்றால் பம்ப்புக்குள் டீசலை அழுத்தித் தள்ளும் தண்டும் அதன் உறையும். கேட்க நியாயமாகவே இருந்தது. தேய்ந்த எலிமென்ட்டில் டீசல் சூடாகி இளகியதும் அழுத்தம் விழும் என்பது உண்மைதான். ஆனால் அப்படித் தேய்ந்த பம்ப் உள்ள வண்டி, சூட்டோடு மறுபடி ஸ்டார்ட் ஆகத்தான் அடம்பிடிக்கும். என் வண்டி அப்படியில்லையே என்றேன். “ஆரம்பக் கட்டம்ணே, இப்பவே பிடிச்சுட்டீங்க” என்று ஒரு பாராட்டு வேறு!

அப்புறம் ஒரு வீடியோ வந்தது. பம்ப்பைத் தனியாக மாட்டி ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்சில் பம்ப் ஓடுகிறது, கண்ணாடிக் குழாய்களில் எண்ணெய் ஒரே மட்டமாக ஏறுகிறது. அதைப் பார்த்துதான் நம்பினேன். அதில் ஓடுவது எனக்கு வரப்போகும் பம்ப்தான் என்பதற்கு நம்பர் பிளேட் உட்பட ஒரு அடையாளமும் காட்டவில்லை. பழைய பம்ப்பை அனுப்பினால்தான் 28,000, இல்லாவிட்டால் இன்னும் அதிகம் என்றார்கள். பணத்தையும் பம்ப்பையும் அனுப்பினேன்.

வந்தது பளபளவென்று பெயின்ட் அடித்த பம்ப். கியரில் உள்ள குறிகளை ஒன்றாக வைத்து மாட்டி ஸ்டார்ட் செய்தால், முன்பு இல்லாத வெள்ளைப் புகை, ஒரு சிலிண்டர் விட்டு விட்டு அடிக்கிறது. கொஞ்ச நேரத்தில் பழையபடியே அணைந்தும் போயிற்று.

உடனே போன் செய்தேன். ஏர் சரியாக எடுக்கவில்லை என்றார்கள். மறுநாள் டைமிங் (பம்ப் டீசல் அடிக்கும் நேரம்) தப்பு, அடுத்து டீசல் மட்டமானது, அதற்கடுத்து சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் கோளாறு. வீடியோ அனுப்பினால் “பார்த்துட்டுக் கூப்பிடுறோம்ணே” என்பார்கள், கூப்பிட மாட்டார்கள். என் பழைய பம்ப்பையாவது திருப்பி அனுப்புங்கள் என்றேன். “அது ஸ்க்ராப்புக்குப் போயிடுச்சு” என்று பதில். பெஞ்சில் ஏற்றிப் பார்க்காமலா ஸ்க்ராப்? கடைசியாக, எங்கள் ஆள் மாட்டினால்தான் வாரன்டி என்றார்கள். விற்கும்போது ஒருவர் வாயிலும் வராத சட்டம் இது. புகார்ப் பக்கத்தில் என் புகாருக்கு நேரே ‘தீர்க்கப்பட்டது’ என்று இருக்கிறது. 28,000 எங்கே தீர்ந்தது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பிறகு எனக்குத் தெரிந்த வயதான மெக்கானிக் ஒருவர் வந்தார். சுத்தமான டீசல் கேன் ஒன்றை இன்ஜினுக்கு மேலே கட்டி, அதிலிருந்து ஃபீட் பம்ப்புக்கு நேராக ஒரு குழாய் கொடுத்தார். புகையோடுதான், ஆனாலும் வண்டி நிற்காமல் ஓடியது. அப்படியென்றால் கோளாறு டேங்க்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் இடையில். அங்கிருந்த ரப்பர் குழாயைக் கழற்றி நீளவாக்கில் கீறிக் காட்டினார். வெளியே ஒரு வெடிப்பு இல்லை. உள்ளே ரப்பர் உரிந்து நாக்குப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. இழுப்பு கூடினால் அது வழியை அடைக்கும், இன்ஜின் நின்றதும் தளர்ந்து வழி விடும். பழைய பம்ப் மேல் ஒரு குற்றமும் இல்லை.

வாரன்டிதான் இல்லையே என்று புதுப் பம்ப்பின் பக்க மூடியையும் திறந்தோம். ஸ்பிரிங் எல்லாம் துரு, அடியில் தண்ணீர் கலந்த கறுப்புச் சகதி. மூடியைச் சுற்றிய பழைய பேக்கிங் மேலேயே பெயின்ட். வெறும் பெயின்ட்டுக்கு 28,000.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. ஓடி ஓடி நிற்கும் வண்டிக்கு முதலில் டேங்க் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள், மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் இப்படித்தான் நிற்கும். குழாயை வெளியே மட்டும் பார்த்து விடாதீர்கள். மேலே கேன் கட்டி ஓட்டிப் பார்க்காமல் பம்ப்பில் கை வைக்க விடாதீர்கள். பம்ப்பைப் பெஞ்சில் ஏற்றினால் பக்கத்தில் நின்று பாருங்கள். புதுசு மாட்டி ஓடும் வரை பழசை யாருக்கும் அனுப்பாதீர்கள். வாரன்டியை எழுத்தில் வாங்குங்கள், முழுப் பணத்தையும் முன்னாலேயே கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.