ஒரே சர்வரில் பரவல் கோப்பு முறைமை: எச்.டி.எஃப்.எஸ்., குளஸ்டர்எஃப்எஸ், செஃப்

ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று தாங்கிக்கொள்ளும் என்ற கணக்கில்தான் பரவல் கோப்பு முறைமைகள் (கோப்புகளைப் பல சர்வர்களில் பரப்பி ஒரே சேமிப்பிடம்போலக் காட்டும் மென்பொருள்கள்) எழுதப்படுகின்றன. கையில் இருப்பது ஒரே சர்வர் என்றால் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். அப்போது ஒவ்வொன்றும் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தாலே எதை எதற்கு எடுக்கலாம் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

பெருந்தரவு மென்பொருளான ஹடூப்பின் எச்.டி.எஃப்.எஸ். ஒரே சர்வரில் ஓட மறுபேச்சின்றி ஒப்புக்கொள்ளும். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கை வைத்திருக்கும் நேம்நோடும், தரவையே வைத்திருக்கும் டேட்டாநோடும் தனித்தனி ஜாவா புரோசஸ்களாக ஒரே கணினியில் ஓடும். அமைப்புக் கோப்புகளில் லோக்கல்ஹோஸ்ட் முகவரியையும் நகல் எண்ணிக்கை 1 என்பதையும் எழுதி, நேம்நோடை ஃபார்மட் செய்து, தன் கணினிக்கே கடவுச்சொல் கேட்காத எஸ்.எஸ்.எச். வசதியைச் செய்துகொண்டால் போதும். நகல் எண்ணிக்கையை இயல்பான 3-லேயே விட்டுவிட்டாலும் எழுதுவது தடைபடாது. நகல் குறைகிறது என்ற அறிவிப்பு மட்டும் வரும். இந்தச் சாதுத்தனம்தான் ஆபத்து. ஒரு டேட்டாநோடில் எத்தனை டிஸ்க் பூட்டினாலும் அது ஒரு பிளாக்கின் (கோப்பைப் பிரித்த துண்டின்) இரண்டாம் நகலை வைத்துக்கொள்வதில்லை என்பதால், கொள்ளளவு கூடுமே தவிர பாதுகாப்பு கூடாது. தரவு இருக்குமிடத்தை நாமே குறிப்பிடாவிட்டால் அது தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் கோப்பகத்துக்குள் போய் உட்காரும். அந்தக் கோப்பகத்தைத் துடைத்துவிடும் லினக்ஸாக இருந்தால் மறுதொடக்கத்துக்குப் பின் நேம்நோடே எழாது. பதறிப்போய் நேம்நோடை மட்டும் மறுபடி ஃபார்மட் செய்தால், டேட்டாநோடில் பழைய அடையாள எண் மிச்சமிருக்கும்போது இரண்டும் ஒத்துப்போகாமல் டேட்டாநோடும் கிளம்ப மறுக்கும். எழுதிய கோப்பின் நடுவில் திருத்தவும் முடியாது, கடைசியில் சேர்க்க மட்டுமே முடியும். ஆகவே ஸ்பார்க், ஹைவ் போன்ற தரவு அலசும் கருவிகளுக்கான நிரல்களைச் சோதித்துப் பார்க்க இது நல்ல களம்; அலுவலகக் கோப்புகளை வைக்கும் இடமல்ல.

குளஸ்டர்எஃப்எஸ் ஒருமுறை எச்சரித்துவிட்டு வழிவிடும். ஒரே சர்வரின் இரண்டு டிஸ்க்குகளை ஒன்றுக்கொன்று நகலாக வைக்கச் சொன்னால், இது உகந்த ஏற்பாடு அல்ல என்று சொல்லி, கட்டளையின் முடிவில் 'ஃபோர்ஸ்' சேர்த்தால்தான் வால்யூமை (அவற்றைச் சேர்த்த சேமிப்பிடத்தை) உருவாக்கும். கோப்புகளைப் பற்றிய விவரங்களான மெட்டாடேட்டாவுக்குத் தனி சர்வர் கிடையாது. கோப்புகளைத் துண்டுகளாகப் பிரித்து அடுக்கும் ஷார்டிங் வசதியை இயக்காதவரை, பிரிக் எனப்படும் கோப்பகத்தில் கோப்புகள் முழுமையாகவே கிடக்கும் என்பதால், வால்யூம் பழுதானாலும் அங்கிருந்து நகலெடுத்துக்கொள்ளலாம். இந்தத் தெம்பு மற்ற இரண்டிலும் கிடையாது. (பிரிக்கில் நேரடியாக எழுதுவது மட்டும் கூடாது.) ஆனால் வணிகப் பதிப்புக்கான ஆதரவை ரெட் ஹேட் 2024 இறுதியோடு நிறுத்திவிட்டதால், புதிதாகத் தொடங்குபவருக்கு இதைத் தயங்கித்தான் பரிந்துரைக்க முடிகிறது. டிஸ்க் பழுதை மட்டும் சமாளிப்பதே நோக்கம் என்றால் இசட்.எஃப்.எஸ். என்ற சாதாரணக் கோப்பு முறைமையின் மிரர் (இரு டிஸ்க்குகளில் ஒரே தரவை வைக்கும் வசதி) அதே வேலையைக் குறைந்த பளுவில் செய்துவிடும்.

செஃப் மட்டும்தான் பிடிவாதம் பிடிக்கும். நகல்கள் வெவ்வேறு ஹோஸ்டுகளில் இருக்கவேண்டும், மூன்று வேண்டும், குறைந்தது இரண்டாவது உயிரோடிருக்க வேண்டும் என்பது அதன் இயல்பான விதி. ஒரே ஹோஸ்டில் அது நிறைவேறாததால் எழுதும் கோரிக்கைகள் அப்படியே தொங்கி நிற்கும். செஃப்அட்மின் என்ற நிறுவும் கருவியைக் கொண்டு நிறுவும்போதே 'சிங்கிள் ஹோஸ்ட் டிஃபால்ட்ஸ்' விருப்பத்தைக் கொடுத்துவிட்டால், நகல்கள் இரண்டாகக் குறைந்து, ஹோஸ்ட் என்ற இடத்தில் டிஸ்க்கை அடிப்படையாகக் கொள்ளும் விதி அமலுக்கு வரும். டிஸ்க்குக்கு ஒன்றாக ஓடும் ஓ.எஸ்.டி. சேவை ஒவ்வொன்றும் இயல்பாக 4 ஜிபி நினைவகத்தை இலக்காக வைத்திருப்பதால், நான்கு டிஸ்க்குக்கே 16 ஜிபி ஒதுக்கவேண்டும். கோப்பு முறைமையாகப் பயன்படுத்த, மெட்டாடேட்டாவைக் கவனிக்கும் எம்.டி.எஸ். சேவையும் தனியாக ஓடவேண்டும். ஓ.எஸ்.டி. ஓடும் அதே கணினியிலேயே லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கும் கிளையன்ட் வழியாக மவுன்ட் செய்தால், நினைவகம் நெருக்கடியாகும்போது இரண்டும் ஒன்றுக்கொன்று காத்துக்கிடந்து முடங்கக்கூடும். எனவே மவுன்டை ஃபியூஸ் (கெர்னலுக்கு வெளியே ஓடும் கிளையன்ட்) வழியாகவோ ஒரு மெய்நிகர் கணினிக்குள்ளோ வைப்பது நல்லது. இவ்வளவு பாடும் நாளை இரண்டாவது, மூன்றாவது சர்வர் வாங்கும் திட்டம் உறுதியாக இருப்பவருக்கே தகும். அவர் அன்று விதியை மறுபடி ஹோஸ்டுக்கும் நகலை மூன்றுக்கும் மாற்றினால், சேவை ஓடிக்கொண்டிருக்கும்போதே செஃப் தரவைத் தானாகப் பரப்பிக்கொள்ளும்.