டியூபிங்கன் நகரின் டெபாசிட் கிண்ணங்கள்: ஒரு வாடிக்கையாளரின் மதிப்பீடு

தென்மேற்கு ஜெர்மனியில், நெக்கார் ஆற்றங்கரையில் உள்ள டியூபிங்கன் சுமார் தொண்ணூறாயிரம் பேர் வாழும் பல்கலைக்கழக நகரம். இங்கே பார்சல் உணவை ஒருமுறை பயன்படுத்தி எறியும் டப்பாவில் வாங்கினால், நகராட்சி 2022 ஜனவரி 1 முதல் விதித்துவரும் 50 சென்ட் வரி பெரும்பாலும் நம் விலையில்தான் வந்து சேர்கிறது. கரண்டிக்கும் முள்கரண்டிக்கும் தனியே 20 சென்ட். இந்த வரியைத் தவிர்க்க நினைப்பவர் வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுவரலாம், அல்லது டெபாசிட் கட்டிக் கிண்ணத்தை இரவல் வாங்கலாம். இரண்டாவது வழியாகிய அந்த இரவல் சேவையைப் பற்றியதே இந்த மதிப்பீடு.

ஜெர்மனியில் பரவலாகக் கிடைப்பவை ரீகப் கோப்பையும் ரீபௌல் கிண்ணமும். கோப்பைக்கு 1 யூரோ, மூடியுடன் கூடிய கிண்ணத்துக்கு 5 யூரோ டெபாசிட். வாங்கிய கடையில்தான் திருப்ப வேண்டும் என்பதில்லை. இந்த ஏற்பாட்டில் சேர்ந்துள்ள எந்தக் கடையிலும், எந்த ஊரிலும் கொடுத்து முழுத் தொகையையும் பெறலாம். கிண்ணத்தை வாங்கிக்கொள்ளும் கடையே அதைக் கழுவி அடுத்தவருக்குத் தருகிறது. கடைக்காரர் இந்தச் சேவையை நடத்தும் நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்துவதோடு, தம் கையில் இருக்கும் கிண்ணங்களுக்கு அவரும் டெபாசிட் கட்டியிருப்பதால், ஒரு கிண்ணம் தொலைந்தால் யார் பொறுப்பு என்ற சச்சரவுக்கு இடமில்லை. எளிமையான இந்தக் கணக்குமுறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

கிண்ணங்கள் பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. நுண்ணலை அடுப்பிலும் பாத்திரம் கழுவும் இயந்திரத்திலும் தாங்குபவை. நம் சமையலை இதில் வாங்குவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: மஞ்சளின் நிறம் பாலிப்ரோப்பிலீனில் எளிதில் ஏறிவிடும், அதிலும் எண்ணெய் மிதக்கும் சூடான குழம்பென்றால் உள்ளே நன்றாக ஊறிவிடும். அந்தக் கறையால் கெடுதல் எதுவும் இல்லை, வெயிலில் காயவைத்தால் மங்கவும் செய்யும். ஆனால் மஞ்சள் படிந்த கிண்ணத்தில் சாலட் வாங்க அடுத்தவர் தயங்கினால் அதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆகவே சாப்பிட்டு முடித்ததும் எண்ணெயைத் துடைத்துவிட்டு வெந்நீரில் அலசி வைப்பது, பொதுப் பாத்திரத்தைப் பயன்படுத்துபவரிடம் எதிர்பார்க்க வேண்டிய மரியாதை. கடைக்காரர்களுக்கு வேறொரு சிரமம் உண்டு. பீங்கான் அளவுக்குப் பிளாஸ்டிக் சூட்டைத் தேக்கி வைக்காததால், இயந்திரத்திலிருந்து எடுத்த பின்பும் ஈரம் எளிதில் காய்வதில்லை. ஈரத்தோடு அடுக்கினால் வாடை பிடிக்கும் என்பதால் உலர்த்துவதற்கென்று இடமும் நேரமும் ஒதுக்க வேண்டும், சிறிய சமையலறையில் இது பெரிய கோரிக்கை.

இந்த இடத்தில்தான் நகராட்சியின் பங்கை நான் உயர்வாக மதிக்கிறேன். வரி விதித்ததோடு நிற்காமல், இத்தகைய ஏற்பாட்டில் சேரவும் பாத்திரம் கழுவும் இயந்திரம் வாங்கவும் உள்ளூர்க் கடைகளுக்கு உதவித்தொகையும் வழங்கியது. 2023 ஜனவரி முதல் நடப்பில் உள்ள நாடு தழுவிய சட்டமும் பார்சல் விற்கும் கடைகளை மறுபயன்பாட்டுப் பாத்திரம் வைத்திருக்கச் சொல்கிறது. ஆனால் ஐந்து ஊழியர்களுக்கும் 80 சதுர மீட்டருக்கும் மிகாத கடைகள், வாடிக்கையாளர் கொண்டுவரும் பாத்திரத்தில் நிரப்பிக் கொடுத்தாலே போதும். மேலும், உணவைப் பொறுத்தவரை அந்தச் சட்டம் பிளாஸ்டிக் கலந்த டப்பாக்களை மட்டுமே கணக்கில் கொள்வதால், அலுமினியத் தட்டுக்கோ வெறும் அட்டைப் பெட்டிக்கோ மாறிய கடைக்கு அந்தக் கடமையே இல்லாமல் போகிறது. எந்தப் பொருளால் ஆனதாயினும் வரி உண்டு என்ற டியூபிங்கனின் விதி அந்த ஓட்டையை அடைக்கிறது. இதை எதிர்த்து அவ்வூர் மெக்டொனால்ட்ஸ் கிளையை நடத்துபவர் தொடுத்த வழக்கு, கடைசியில் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் வரை சென்றது. வரி செல்லும் என்ற அதன் முடிவு 2025 ஜனவரியில் வெளியானது. அதே மாதத் தொடக்கத்தில் கான்ஸ்டன்ஸ் நகரமும் இத்தகைய வரியை நடைமுறைப்படுத்தியிருந்தது.

காகிதக் கோப்பையை மறுசுழற்சிக்கு அனுப்பினால் போதாதா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அதன் உட்புறம் மெல்லிய பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருப்பதால், சாதாரணக் காகித ஆலையில் கூழாக்கும் நேரத்துக்குள் நார் முழுமையாகப் பிரிவதில்லை. தெருவோரத் தொட்டியில் விழும் கோப்பைகளோ பிற குப்பைகளோடு எரிப்பதற்கே போகின்றன. ஜெர்மன் சுற்றுச்சூழல் முகமையின் ஆய்வொன்று, சூடான பானங்களுக்கு மட்டும் ஆண்டுக்கு 280 கோடி எறிகோப்பைகள், அதாவது தலைக்கு 34, செலவாவதாகக் கணக்கிட்டது. டெபாசிட் கோப்பையோ ஒரே வகைப் பிளாஸ்டிக். தேய்ந்த பின்பும் கடைகள் வழியாகத் தனியே திரும்பி வருவதால், மறுசுழற்சி செய்பவருக்குத் தரம் பிரிக்கும் வேலை மிச்சமாகிறது.

குறைகளைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. முதலாவதும் பெரியதும், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பல நிறுவனங்கள் இருப்பது. வைட்டல் என்ற சேவை டெபாசிட் கேட்பதில்லை, செயலியில் ஸ்கேன் செய்து கிண்ணத்தைத் தருகிறது. ஆனால் அதை அதன் கூட்டாளிக் கடைகளில் மட்டுமே திருப்ப முடியும், ரீபௌல் ஏற்கும் கடைக்கு எடுத்துச் சென்று பயனில்லை. அடுத்தது, கடை மூடிவிட்டால் திருப்புவதற்கு வழியில்லை என்பது. டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரம் 2024 ஜனவரியில் இத்தகைய இயந்திரங்களைத் தயாரிக்கும் டோம்ரா நிறுவனத்துடன் சேர்ந்து, கோப்பைகளைத் திருப்பும் இயந்திரங்களைத் தெருக்களில் வைத்தது. 5 குரோனர் டெபாசிட் எந்நேரமும் வங்கி அட்டைக்கே திரும்பிவிடும். மாணவர்கள் இரவு வெகுநேரம் வரை நடமாடும் டியூபிங்கனுக்கும் அத்தகைய இயந்திரங்கள் அவசியம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நால்வர் உள்ள குடும்பம் ஒரே வேளைக்கு 20 யூரோவை முடக்க வேண்டியிருப்பதும் சிறிய சுமையல்ல.

வரி வந்த பிறகும் நகரின் குப்பை எடையில் குறிப்பிடத்தக்க குறைவு தெரியவில்லை என்று பல்கலைக்கழக ஆய்வொன்று கூறியதைச் சிலர் இந்த முயற்சியின் தோல்வியாகக் காட்டுகிறார்கள். காகிதக் கோப்பைக்கு எடை மிகக் குறைவு. அது தொட்டியை நிரப்புவது தன் பருமனால்தான். ஆகவே எடையை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

புதிதாகத் தொடங்குபவர் காபிக் கோப்பையிலிருந்து தொடங்கலாம். டெபாசிட் குறைவு, திருப்பும் இடங்களும் அதிகம். கோப்பைக்கான மூடி டெபாசிட்டில் சேராததால் அதைத் தனியே ஒருமுறை வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது நல்லது. ரயிலேறப் போகிறவர் கிண்ணத்தை வாங்கும் முன், இறங்கும் ஊரில் அதை ஏற்கும் கடை எது, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று நிறுவனத்தின் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளட்டும்.