அடோபி ஸ்டாக்: படத்தோடு எதை விற்கிறீர்கள்?

இணையத்தில் புகைப்படம் விற்கத் தொடங்குபவருக்கு, அடோபி நிறுவனத்தின் பட விற்பனைத் தளமான அடோபி ஸ்டாக் நல்ல இடம்தான். குறைந்தது 4 மெகாபிக்சல் உள்ள ஜேபெக் கோப்பு போதும். குறிச்சொற்கள் 49 வரை போடலாம். முதல் பத்துக்குத்தான் தேடலில் மதிப்பு அதிகம் என்பதால் வரிசை முக்கியம். புகைப்படம் விற்றால் உங்கள் பங்கு 33 சதவீதம். இதே போன்ற இன்னொரு தளமான ஷட்டர்ஸ்டாக்கில் பங்கு 15இல் தொடங்கி 40 வரை ஏறலாம், ஆனால் ஜனவரி 1 அன்று எல்லோரும் மறுபடி 15க்கே இறங்க வேண்டும். அந்தப் பரமபதம் இங்கே இல்லை.

கவனிக்க வேண்டியது உரிமத்தை. இங்கே விற்பது ராயல்டி ஃப்ரீ. இலவசம் என்று பொருளல்ல. வாங்கியவர் ஒருமுறை பணம் கட்டிவிட்டால், ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனியாகத் தர வேண்டியதில்லை. காப்புரிமை உங்களிடமே இருக்கும். ஸ்டாண்டர்ட் உரிமத்தில் அச்சுக்கு 5 லட்சம் பிரதி வரம்பு, இணையப் பார்வைகளுக்கு வரம்பில்லை. டி-ஷர்ட், கோப்பை என்று படத்தை நம்பியே பொருள் விற்பவர் எக்ஸ்டெண்டட் உரிமம் எடுத்தாக வேண்டும்.

பலர் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். ராயல்டி ஃப்ரீயாக ஒருமுறை விற்ற படத்தை, பின்னால் ஒரு நிறுவனம் வந்து “எங்களுக்கு மட்டும்” என்று கேட்டால் கொடுக்க முடியாது. தளத்திலிருந்து நீக்கினாலும் ஏற்கெனவே விற்ற உரிமம் செல்லும். எனவே அபூர்வமான படங்களை இங்கே ஏற்றாதீர்கள். பயன்பாடு, நாடு, காலம் பார்த்து விலை சொல்லும் ரைட்ஸ் மேனேஜ்டு முறை அலமி என்ற தளத்தில் உண்டு. அவற்றை அங்கே கொடுங்கள். ஒரே படத்தை இரண்டு முறையிலும் விற்கக் கூடாது. அதே ஷூட்டில் எடுத்த ஏறக்குறைய ஒரே மாதிரியான படங்களையும் பிரித்துப் போடாதீர்கள்.

நிராகரிப்பு பெரும்பாலும் ரிலீஸ் படிவத்தில், அதாவது படத்தில் இருப்பவரோ உரிமையாளரோ கையெழுத்திடும் சம்மதப் படிவத்தில் வரும். ஒரு காபிக் கடை மேசையை எடுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவரின் முகம் பாதிதான் தெரிகிறது, ஆனால் அவரே பார்த்தால் தன்னை அடையாளம் காண்பார்: மாடல் ரிலீஸ் வேண்டும். சிறுவர் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து. சுவரில் ஓவியம் தொங்கினால், கடைக்காரர் கையெழுத்து போதாது. அதன் உரிமை ஓவியரிடம் இருக்கிறது. மடிக்கணினி மூடியிலுள்ள லோகோவை அழித்துவிட வேண்டும், லேசாக மங்கலாக்கினால் மாட்டும். ஈபிள் கோபுரம் பகலில் பிரச்சினையில்லை, இரவு விளக்கு அலங்காரத்துக்குக் காப்புரிமை உண்டு.

லோகோ அவசியமான படங்களுக்கு, விளம்பரத்துக்கு அல்லாமல் செய்தி, கட்டுரைகளுக்கு மட்டும் விற்கும் இல்லஸ்ட்ரேட்டிவ் எடிட்டோரியல் பிரிவு இருக்கிறது. அதிலும் அடையாளம் தெரியும் மனிதர்கள் கூடாது. அதனால் தெருப்படம், திருவிழாப்படம் எடுப்பவர்களுக்கு இந்தத் தளம் அவ்வளவாக உதவாது.

இன்னொன்று: படம் உருவாக்கும் தன் செயற்கை நுண்ணறிவுக் கருவியான ஃபயர்ஃபிளையைப் பயிற்றுவிக்க, அடோபி நிறுவனம் ஸ்டாக் தளத்தின் படங்களையும் பயன்படுத்துகிறது. இது பிடிக்காதவர் பதிவு செய்யும் முன்பே ஒப்பந்தத்தைப் படித்துவிடுவது நல்லது. பணத்தை எடுக்க இருப்பு 25 டாலரைத் தொட வேண்டும், முதல் விற்பனையிலிருந்து 45 நாள் கழிந்திருக்கவும் வேண்டும்.